தாளத்தை அரியணை ஏற்றிய ஜேம்ஸ் பிரவுன்

இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த அய்யனார் கோவிலையும், அதனருகே வீழும் அருவியையும் அறியாதார் நம்முள் இலர். கோவில் விழாக்களில் முழங்கும் பறையும் உறுமியும் நம் செவிகளுக்குப் பழகியவை. ஆயினும், முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்த சமுதாயம், முழக்கியவனைத் தள்ளியே நிறுத்தியது என்பதும் நாம் அறிந்த வரலாறே.

இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739ஆம் ஆண்டு, ஆப்பிரிக்க அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு முழக்குவதைத் தடை செய்தது. நம்மீது பறை சுமத்தப்பட்டது. அவர்களிடமிருந்து முரசு பறிக்கப்பட்டது. வழி வேறாயினும் இழிவு ஒன்றே. அதே தென் கரோலினாவில் பிறந்து, தாளத்தை இசையின் அரியணையில் அமர்த்தியவர் ஜேம்ஸ் பிரவுன். இன்று உலகெங்கும் இளைஞர் விரும்பும் ஹிப்-ஹாப் இசையின் ஊற்றுக்கண்களுள் முதன்மையானவர் அவர். அவரது வாழ்வை இவ்வெள்ளிவிழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும் என எண்ணுகிறோம்.

இளமையும் வறுமையும்

ஜேம்ஸ் பிரவுன் 1933ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், பார்ன்வெல் என்னும் ஊரில் ஓரறை மரக்குடிசையில் பிறந்தார். தந்தை பைன் மரங்களில் பிசின் இறக்கும் கூலித் தொழிலாளி. மகன் சிறுகுழந்தையாய் இருந்தபோதே தாய் பிரிந்து சென்றார். பின்னர் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில், உறவுப் பெண்மணி ஒருவர் வீட்டில் வளர்ந்தார். பருத்தி பறித்தார், தெருவோரத்தில் பிறர் காலணிகளுக்கு மெருகிட்டார், படைவீரர்கள் முன் ஆடிச் சில்லறை பெற்றார். உடுத்தத் தக்க ஆடை இல்லை என்று பள்ளியிலிருந்து வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் கல்வி அறவே நின்றது. நல்ல சட்டையின்றிப் பள்ளி வாசலில் தலைகுனிந்து நின்றோர் நம்மிடையேயும் உண்டு. ஆதலின் அச்சிறுவன் பட்ட வேதனையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பதினாறாம் வயதில் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டார். சிறையிலும் இசை அவரைக் கைவிடவில்லை. உடனிருந்தோரைக் கொண்டு பக்திப் பாடற்குழு ஒன்றை அமைத்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1952இல், பாபி பேர்டு என்னும் இளம் பாடகரின் குடும்பத்தார் துணை நின்றதனால் விடுதலை பெற்றார். தவறிய இளைஞனுக்கு ஒரு குடும்பம் கதவைத் திறந்தது. உலகம் ஒரு கலைஞனைப் பெற்றது.

இசையில் ஒரு புரட்சி

1956இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1962இல், நியூயார்க் நகரத்து அப்பல்லோ அரங்கில் தாம் நடத்திய நிகழ்ச்சியை இசைத்தட்டாக்க விரும்பினார். இசைத்தட்டு நிறுவனத் தலைவர் உடன்படவில்லை. பிரவுன் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அத்தட்டு, ஓராண்டுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நிலைத்து நின்றது.

1960களின் நடுப்பகுதியில் அவர் இசையின் இலக்கணத்தையே மாற்றினார். அக்காலத்து அமெரிக்க மக்களிசையில் இரண்டாம், நான்காம் அடிகளே அழுத்தம் பெற்றன. பிரவுனோ முதலடியில் முழு வலிமையையும் இறக்கினார். கித்தார், ஊதுகருவிகள், ஏன், தமது குரலையுங்கூடத் தோற்கருவியைப் போல் பயன்படுத்தினார். பாட்டிற்குத் துணையாக நின்ற தாளம் பாட்டின் தலைமையை ஏற்றது. ஃபங்க் என்னும் இசைவகை இவ்வாறு பிறந்தது.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பல தீப்பற்றி எரிந்தன. மறுநாள் பாஸ்டன் நகரில் பிரவுன் நடத்திய இசைநிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. மக்கள் வீட்டிலிருந்து அதனைக் கண்டனர். அந்நகர் பெரும்பாலும் அமைதி காத்தது. அதே ஆண்டில், கறுப்பராய்ப் பிறந்ததில் பெருமிதம் கொள்ளும் பாடலைச் சிறுவர் குழுவொன்று உடன்பாட வெளியிட்டார். இழிசொல்லாய் எறியப்பட்ட நிறம் அன்று முதல் பெருமையின் கொடியாயிற்று. இளமையில் காலணி துடைத்த அதே அகஸ்டாவில், வானொலி நிலையம் ஒன்றை அவர் விலைக்கு வாங்கியதும் அக்காலத்தில்தான்.

ஹிப்-ஹாப் பிறந்த கதை

1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சிறு விருந்து நடந்தது. பள்ளி திறக்கும் நாளுக்குப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டச் சிண்டி காம்பெல் என்னும் மாணவி அதனை ஏற்பாடு செய்தார். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய அண்ணன், கூல் ஹெர்க் எனப் பெயர் பெற்றவர், இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து முழங்கும் இடத்தில் கூட்டம் மிகுந்த ஊக்கத்துடன் ஆடுவதை ஹெர்க் கவனித்திருந்தார். ஆதலின், ஒரே தட்டின் இருபடிகளை இரு சுழற்றிகளில் வைத்து, அத்தாளப் பகுதியை மாறி மாறி நீட்டி ஒலிக்கச் செய்யும் முறையை வகுத்தார். அதற்கென அவர் விரும்பிச் சுழற்றியவற்றுள் பிரவுனின் தட்டுகள் சிறப்பிடம் பெற்றன. அத்தாளத்தின் மீது இளைஞர்கள் எதுகையோடு பேசத் தொடங்கினர், ராப் உருவாயிற்று. ஆடையின்றிப் பள்ளியை இழந்த ஒருவரின் தாளம், பள்ளி ஆடைக்காக நடந்த விருந்தில் தொடங்கிய இசைக்கு உயிரூட்டியதை எண்ணி நாம் வியக்கிறோம்.

இங்கே ஓர் அநீதியையும் சொல்லியாக வேண்டும். 1970இல் வெளிவந்த பிரவுனின் பாடல் ஒன்றில் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு வாசித்த சில நொடித் தாளம், ஹிப்-ஹாப் இசையில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. பாடலின் உரிமை பிரவுன் பெயரில் இருந்தது. 2017இல் மறைந்த ஸ்டப்பிள்ஃபீல்டு தமக்குரிய பங்கைப் பெறவேயில்லை. அடித்த கைக்குரிய கூலியைக் கொடாத வழக்கம் அங்கும் இருந்தது. அதில் பிரவுனுக்கும் பங்குண்டு.

குறையும் நிறைவும்

பிரவுனைக் குறையற்றவராகக் காட்ட நாம் முற்படவில்லை. பெண்களை அடித்தார் என்னும் குற்றத்திற்கு ஆளானார். போதைப் பொருளுக்கு அடிமையானார். 1988 முதல் 1991 வரை சிறையில் இருந்தார். கலைமேன்மை இவற்றிற்குக் கழுவாய் ஆகாது. இளைஞர்கள் அவரிடம் கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளுவாராக.

கொள்ள வேண்டியதுள் தலையாயது கல்வி. புகழின் உச்சியில் இருந்த 1966இலேயே, பள்ளியை இடையில் விடலாகாது என்னும் கருத்தமைந்த பாடலை வெளியிட்டு, மாணவரிடையே அதனைப் பரப்பினார். 2006 டிசம்பர் 25ஆம் நாள் அட்லாண்டா நகரில் மறைந்தபோது, தம் இசையுரிமைச் செல்வத்தின் பெரும்பகுதியை ஏழைக் குழந்தைகளின் கல்விக்கென உயிலில் எழுதி வைத்திருந்தார். வழக்குகளால் அது பல ஆண்டுகள் தடைப்பட்டது. 2021இல்தான் வழி பிறந்தது.

நம் நாட்டிலும் அம்முழக்கம் எதிரொலித்தது. 2018இல் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் பறையையும் கானாவையும் ராப் இசையோடு இணைத்துச் சாதியை எதிர்த்துப் பாடினர்.

இளைஞர்களே! பிறர் ஏவ, இழிதொழிலாய்ப் பறை சுமக்க மறுத்த நம் முன்னோரின் முடிவு மானமுள்ள முடிவு. விரும்பிக் கற்று, உரிய ஊதியமும் மதிப்பும் பெற்றுப் பறை முழக்குவதும் மானமுள்ள செயலே. இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருத்தல் வேண்டும். அவ்வுரிமையைத் தருவது கல்வி. ஒப்பந்தத்தைப் படித்தறியும் கண்ணும், தாளம் தவறாத கையும் ஒருவரிடமே அமையும் நாளில், முழக்கியவனைத் தள்ளி நிறுத்த எவராலும் இயலாது. அந்நாளை நோக்கி நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம்.