எண்ணால் உயிர்காத்த அம்மையார்

விளக்கேந்திய பெருமாட்டி எனப் பள்ளிச் சிறுவரும் அறிந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், எழுதுகோலாலும் உயிர்காத்தவர் என்பதைப் பலர் அறியார்.

1820 ஆம் ஆண்டு இத்தாலியிலே, புளோரன்ஸ் நகரில், ஆங்கிலச் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் வேட்கை மிக்கவர். கிரிமியப் போர்க்காலத்தில், 1854 நவம்பரில், 38 தாதியரோடு துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். ஆங்கே அழுக்கும் நெரிசலும் கண்டார். இறந்தோர் தொகையில் ஏடுகள் தம்முள் முரணவும் கண்டார். 1855 பெப்ருவரியில் நோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர் வழிகளைத் திருத்திக் காற்றோட்டம் அமைத்தபின், ஜூன் மாதத்தில் அத்தொகை ஏறத்தாழ இரண்டாயிற்று.

நாடு மீண்டு கணக்குகளை ஆராய்ந்தவர், புண்பட்டு இறந்தோரினும் தடுக்கத்தக்க நோயால் இறந்தோரே மிகப்பலர் என 1858 இல் வண்ணப்படத்தால் விளக்கினார். வைத்தியசாலைகள் யாவும் நோயையும் அதன் முடிவையும் ஒரே படிவத்திற் பதிதல் வேண்டும் என்ற அவரது திட்டத்தை, 1860 இல் இலண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாடு ஏற்றது. நோய்ப்படுக்கையில் இருந்தவாறே, சென்னை மாகாணம் உள்ளிட்ட இந்தியப் படைநிலையங்களுக்கு வினாப்படிவம் அனுப்பித் தகவல் திரட்டினார். ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 ஆக இருந்த ஆங்கிலப் படைவீரர் இறப்பு, 1873 அளவில் 18 ஆயிற்று. 1910 இல் அம்மையார் மறைந்தார்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே கணினி நாடியையும் மூச்சையும் இடையறாது பதிகின்றது. மாத்தளைத் தோட்டத்துத் தாயொருத்தி சேலைத்தலைப்பிற் பொதிந்து கொணரும் கிளினிக் கொப்பியும் அப்பணியையே செய்கின்றது. அதில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஓர் உயிரின் கணக்கு, பிழைபட எழுதலாகாது.