ஊற்றைத் திறந்தவர் ஓட்டாண்டியானார்!

லாரி ஓடுகிறது எண்ணெயால். கப்பல் நகர்கிறது எண்ணெயால். ஆலை உருளையும் வயல் பம்பும் சுழல்வது எண்ணெயால். எண்ணெய் இல்லாவிட்டால் இன்றைய உலகம் முடம்! அந்த எண்ணெயைப் பூமியின் வயிற்றைத் துளைத்து எடுக்கலாம் என்று அமெரிக்க நாட்டுக்குக் காட்டியவர் யார்? கோடீசுவரரா? இல்லை! கல்லூரியில் பட்டம் பெற்ற மேதையா? அதுவும் இல்லை! ரயில் வண்டியில் டிக்கெட் பார்த்துப் பிழைத்த கண்டக்டர். பெயர் எட்வின் டிரேக்.

ஊற்றைத் திறந்த அவர் ஓட்டாண்டியானார். அந்த ஊற்றின் ஓரம் வந்து நின்றவர்கள் குபேரர்கள் ஆனார்கள். எப்படி நேர்ந்தது இந்த விந்தை? பாட்டாளித் தோழர்கள் அறியவேண்டிய கதை இது. ஆகவேதான் கூறுகிறோம்.

1819-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கிரீன்வில் என்ற ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் டிரேக். பள்ளிப் படிப்பு சொற்பம். 19 வயதில் வீட்டைவிட்டு வேலை தேடிப் புறப்பட்டார். நீராவிப் படகில் இரவு குமாஸ்தா, ஓட்டலில் கணக்கர், துணிக்கடையில் விற்பனையாள் என்று எத்தனையோ வேலைகள் பார்த்து, கடைசியில் நியூஹேவன் ரயில் கம்பெனியில் கண்டக்டர் ஆனார். 1854-ல் முதல் மனைவியைப் பிரசவத்தில் இழந்தார். 1857-ல் நோய் வந்து அவரைப் படுக்கையில் தள்ளிற்று. வேலை போயிற்று. மிஞ்சியது என்ன? பழைய கண்டக்டர் என்ற முறையில் ரயிலில் இலவசமாகப் போய்வரும் பாஸ் ஒன்று!

அந்தப் பாஸ்தான் அவர் தலையெழுத்தை மாற்றியது.

அந்நாளில் விளக்கெரிக்கத் திமிங்கிலத்தைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். அதன் விலையோ ஏழைக்கு எட்டாத விலை. பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரின் ஓடையில் கறுப்பு எண்ணெய் கசிந்து மிதக்கும். அதைச் சீசாவில் அடைத்து மருந்தென்று விற்றுக்கொண்டிருந்தார்கள். யேல் கல்லூரிப் பேராசிரியர் சில்லிமன் 1855-ல் அதை ஆராய்ந்து, காய்ச்சி வடித்தால் விளக்கெரிக்க உயர்ந்த எண்ணெய் என்று அறிக்கை கொடுத்தார். பிஸ்ஸல் என்ற வழக்கறிஞரும் டௌன்சென்ட் என்ற பாங்க் முதலாளியும் அதை நம்பிப் பணம் போட்டார்கள். சேற்றில் இறங்கிப் பாடுபட ஓர் ஆள் வேண்டுமே! டௌன்சென்ட் தங்கியிருந்த ஓட்டலிலேயே இருந்தார் டிரேக். வேலையில்லாதவர், நாணயமானவர், ரயில் செலவோ இல்லாதவர். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளத்தில் அனுப்பிவைத்தார்கள். போகும் ஊரில் மதிப்பு வேண்டுமென்று, கர்னல் டிரேக் என்று விலாசமிட்டு முன்கூட்டியே கடிதங்களும் அனுப்பினார் டௌன்சென்ட். பட்டாளத்தை எட்டிப் பார்க்காதவர் கர்னல் ஆனார்!

கசியும் எண்ணெயை வழித்து எடுப்பதா, பூமியைத் துளைப்பதா? உப்புநீருக்காகப் போடும் துளையைப் போல எண்ணெய்க்கும் போடுவோம் என்று துணிந்தார் டிரேக். ஊரார் சிரித்தார்கள். டிரேக்கின் பைத்தியக்காரத்தனம் என்றே அதற்குப் பெயர் சூட்டினார்கள். அவருக்குக் கைகொடுக்க வந்தவர் வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர். உப்புக் கிணறு போட்டுப் பழகியவர். மகனையும் கூட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு 2½ டாலர் கூலிக்கு 1859-ல் வந்து சேர்ந்தார்.

தோண்டினார்கள். தண்ணீர் பெருகிக் குழியை மூடியது. மீண்டும் தோண்டினார்கள். மண் சரிந்தது. என் செய்வது? இங்கேதான் படிக்காத மேதையின் மூளை பளிச்சிட்டது. வார்ப்பிரும்புக் குழாயை, ஆணி அடிப்பது போல, பாறை வரையில் 32 அடி ஆழம் மண்ணுக்குள் அடித்து இறக்கினார். குழாய்க்குள்ளே உளி இறங்கியது. தண்ணீரும் மண்ணும் வெளியே நின்றுவிட்டன. நாளுக்கு 3 அடிதான் இறங்கும் அந்த உளி. இன்று உலகமெங்கும் எண்ணெய்க் கிணறுகளில் குழாய் இறக்குகிறார்களே, அந்த முறைக்கு முன்னோடி இதுதான். டிரேக் அதற்குக் காப்புரிமை வாங்கினாரா? இல்லை! அந்தச் சாமர்த்தியம் அவரிடம் இல்லை.

பணம் போட்டவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். நண்பர்களை ஜாமீன் நிறுத்தி 500 டாலர் கடன் வாங்கி வேலையை ஓட்டினார் டிரேக். கடைசியில் டௌன்சென்டும் சலித்துப்போய், கடனைத் தீர்த்துவிட்டு வேலையை நிறுத்தும்படி கடிதம் எழுதினார். அது வந்து சேருமுன், 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சனிக்கிழமை, 69½ அடி ஆழத்தில் உளி ஒரு வெடிப்பில் வழுக்கி இறங்கியது. மறுநாள் ஞாயிறு. ஓய்வு நாளிலும் கிணற்றை எட்டிப் பார்க்க வந்த கொல்லர் ஸ்மித், குழாய்க்குள்ளே எண்ணெய் மிதக்கக் கண்டார். முதலில் கண்டது முதலாளி அல்ல, தோழர்களே! கூலிக்கு உழைத்த கொல்லர்!

வேறு நாடுகளில் அதற்கு முன்பும் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. ஆனால் இன்றைய எண்ணெய்த் தொழிலின் கால்கோள் என்று வரலாறு பெரிதும் குறிப்பது இந்த 69½ அடித் துளையைத்தான்.

அதற்குப் பின் நடந்தது என்ன? வேட்டை! ஓடைக் கரையெங்கும் மரக் கோபுரங்கள் முளைத்தன. சுற்றியுள்ள நிலத்தை எல்லாம் மற்றவர்கள் ஓடோடிக் குத்தகை எடுத்தார்கள். டிரேக் எடுக்கவில்லை. தம் கிணற்றையே காத்து நின்றார். கம்பெனிக்காரர்களோ சிறிது காலத்தில் அவரைக் கழற்றிவிட்டார்கள்.

இனி விலையின் விளையாட்டைக் கேளுங்கள். 1860-ன் தொடக்கத்தில் பீப்பாய் ஒன்று சுமார் 20 டாலர் விற்றது. பீப்பாய் என்றால் இன்றைய கணக்கில் சுமார் 159 லிட்டர். 1861-ல் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய் தானாகவே பொங்கும் கிணறுகள் வந்தன. எண்ணெய் ஓடையில் வழிந்து ஓடியது. அந்த ஆண்டு முடிவில் விலை என்ன? பீப்பாய்க்கு 10 சென்ட்! 20 டாலர் எங்கே, 10 சென்ட் எங்கே? இருநூறில் ஒரு பங்கு! எண்ணெயைவிட எண்ணெய் ஊற்றும் மரப் பீப்பாய்க்கு விலை அதிகம்! பிறகு மீண்டும் ஏற்றம், மீண்டும் வீழ்ச்சி. ஊஞ்சல் ஆடியது விலை. ஊஞ்சலில் இருந்து விழுந்தது உழைப்பாளி!

விலை ஏறியபோது ஆயிரமாயிரம் பேர் வேலைக்கு ஓடி வந்தார்கள். பிட்ஹோல் என்ற இடத்தில் 1865-ல் சில மாதங்களுக்குள் சுமார் 15,000 மக்கள் கொண்ட நகரமே எழுந்தது. ஊற்று வற்றியது, விலை விழுந்தது, சில ஆண்டுகளில் நகரம் பாழாயிற்று. பீப்பாய்களை வண்டியில் ஏற்றிச் சேற்றில் குதிரையோடு போராடிய வண்டிக்காரர்கள், 1865-ல் குழாய் வழியே எண்ணெயை அனுப்பத் தொடங்கியதும் பிழைப்பிழந்து, ஆத்திரத்தில் அந்தக் குழாயையே உடைத்தார்கள். உயிருக்கும் காவல் இல்லை. 1861 ஏப்ரலில் ஒரு கிணறு பொங்கித் தீப்பிடித்ததில் 19 பேர் மாண்டனர். விலையை ஏற்றியவர்கள் இவர்களா? இறக்கியவர்கள் இவர்களா? இல்லை, இல்லை! ஆனால் அடி விழுந்தது இவர்கள் முதுகில்!

அதே அடி டிரேக்கின் மீதும் விழுந்தது. டைட்டஸ்வில்லில் சிறு நீதிபதியாக இருந்தும், எண்ணெய் வாங்கிக் கொடுத்துக் கமிஷன் பெற்றும் சில ஆயிரம் டாலர் சேர்த்திருந்தார். 1863-ல் அதை எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்று, எண்ணெய்ப் பங்கு விற்கும் தரகுக் கடையில் கூட்டாளியானார். பாறையை வென்றவர் பங்குச் சந்தையிடம் தோற்றார். 1866-க்குள் கைப்பொருள் அத்தனையும் கரைந்தது. முதுகெலும்பைப் பற்றிய நோய் அவரை நாற்காலியோடு பிணைத்தது. மனைவி லாராவும் பிள்ளைகளும் வறுமையில் வாடினர். மகனுக்கு வேலை தேடி நியூயார்க் வந்தவரைப் பழைய நண்பர் ஒருவர் தெருவில் கண்டு திடுக்கிட்டுக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தார் என்பது வரலாறு.

செய்தி டைட்டஸ்வில் எட்டியது. ஊர் மக்கள் நிதி திரட்டி 4,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 1873-ல் பென்சில்வேனியா சட்டமன்றம் ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகையைச் சட்டமாகவே இயற்றியது. அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் அது உண்டு. கவனியுங்கள், தோழர்களே! அவர் உளி திறந்த ஊற்றில் கோடி குவித்த கம்பெனிகள் அல்ல அவரைக் காப்பாற்றியது. மக்கள் திரட்டிய நிதியும் மக்கள் மன்றம் இயற்றிய சட்டமும்தான் கஞ்சி வார்த்தன. 1880 நவம்பரில் பெத்லகேம் என்ற ஊரில் டிரேக் கண்மூடினார்.

அவர் ஏழையாகத் தேய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வளர்ந்தவர் யார்? ராக்பெல்லர்! அவர் பூமியைத் துளைத்தவர் அல்ல. சுத்திகரிப்பு ஆலைகளை வளைத்தார். ரயில் கம்பெனிகளோடு இரகசியக் கட்டண ஒப்பந்தம் பேசினார். 1870-ல் தொடங்கிய அவருடைய ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, 1880 வாக்கில் அமெரிக்கச் சுத்திகரிப்பில் சுமார் 90 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்தது. ஊற்று யார் கையில் இருந்தால் என்ன? வழியை அடைத்துக்கொண்டவன் வைத்ததே விலை! 1911-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியை 34 துண்டுகளாக உடைக்க நேர்ந்தது என்றால் அதன் ஆதிக்கம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஸ்டாண்டர்டு ஆயிலின் பெரும்புள்ளிகளில் ஒருவர் ஹென்றி ரோஜர்ஸ். அவர் 1901-ல் டைட்டஸ்வில்லில் டிரேக்குக்கு அழகான நினைவுச் சின்னம் எழுப்பினார். சம்மட்டி பிடித்து மண்டியிட்டு உளி அடிக்கும் தொழிலாளியின் வெண்கலச் சிலை அதிலே! டிரேக்கின் உடலையும் கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்தார்கள். செத்தபின் சிலை! உயிரோடு துடித்தபோது?

நூற்றைம்பது ஆண்டு பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே சரிந்தது. உலக எண்ணெய் வயல்களில் இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2020 ஏப்ரல் 20-ந் தேதி அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. நம் நாட்டு ஏழைக்கு அதனால் பெட்ரோல் மலிந்ததா? அடுத்த மாதமே மத்திய அரசு லிட்டருக்குப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது. ஏறினால் வாங்குபவன் வயிற்றில் அடி. இறங்கினால் எடுப்பவன் வயிற்றில் அடி. இடையில் இருப்பவன் வயிறு மட்டும் என்றும் நிறைந்தே இருக்கிறது!

டிரேக்கின் வாழ்வு கற்பிக்கும் பாடம் இதுதான். திறமை போதாது, உழைப்பு போதாது, நாணயம் போதாது. விலையை வகுக்கும் இடத்தில் உழைப்பவன் குரல் ஒலிக்கவேண்டும். அந்தக் குரல் தனி மனிதன் தொண்டையிலிருந்து எழாது. சங்கத்திலிருந்து எழவேண்டும், சட்டமன்றத்திலே முழங்கவேண்டும். அந்தக் குரல் இல்லாத காரணத்தால்தான் ஊற்றைத் திறந்தவர் உதவிக்குக் கையேந்த நேர்ந்தது.

வெண்கலம் பசி தீர்க்காது. உழைப்பவனுக்குச் சிலை பிறகு. முதலில் சோறு!