செம்மையைத் தேடிய பொறியியலாளர்

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் அச்சுக்கு மசகிட மறந்தால் என்ன நேரும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். சக்கரம் கிறீச்சிடும், அச்சு தேயும், மாடும் விரைவில் களைத்துப்போகும். மகிழுந்து தோன்றிய பிறகும் இச்சிக்கல் தீரவில்லை. அதற்குத் தீர்வு காண உழைத்தவர்களுள் ஒருவர், ரோல்ஸ்-ராய்ஸ் மகிழுந்தை உருவாக்கிய ஹென்றி ராய்ஸ்.

ராய்ஸ் 1863ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இங்கிலாந்தின் ஆல்வால்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை மாவு ஆலை நடத்தி நொடித்துப்போனவர். ராய்ஸின் ஒன்பதாம் வயதில் தந்தையும் இறந்துவிட்டார். சிறுவன் ராய்ஸ் இலண்டன் தெருக்களில் செய்தித்தாள் விற்றார்; தந்தி கொண்டுசேர்க்கும் வேலையும் செய்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பின்னர், அவருடைய அத்தை பணம் கட்டி அவரை இரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். மூன்று ஆண்டுகளில் அந்தப் பணமும் தீர்ந்தது. ஆயினும், ராய்ஸ் மனம் தளரவில்லை. வேலை செய்துகொண்டே மின்னியலைக் கற்றார். 1884ஆம் ஆண்டு, தாம் சேமித்த 20 பவுனையும் நண்பர் கிளேர்மாண்ட்டின் 50 பவுனையும் முதலாகக் கொண்டு மான்செஸ்டர் நகரில் சிறு தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார்.

1903ஆம் ஆண்டு, சீனாவின் பூச்சோவ் பகுதி மக்கள் சித்தியவானில் குடியேறினர். பிற்காலத்தில் அவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் வளர்ந்தோங்கின. அதே ஆண்டில்தான் ராய்ஸ் தமது முதல் மகிழுந்தை உருவாக்கும் பணியில் இறங்கினார். அவர் வாங்கியிருந்த பிரெஞ்சு மகிழுந்தின் குறைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, அதைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து, அதனினும் சிறந்த ஒன்றைச் செய்தார். அம்மகிழுந்து 1904ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சாலையில் ஓடியது. மறுமாதமே சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். இருவர் பெயரும் இணைந்து ரோல்ஸ்-ராய்ஸ் ஆனது. 1907ஆம் ஆண்டு இவர்களின் ‘சில்வர் கோஸ்ட்’ மகிழுந்து ஏறக்குறைய 15,000 மைல் தூரம் ஓடிச் சோதனையில் வென்றது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய ரப்பர், உலகெங்கும் ஓடிய மகிழுந்துகளின் சக்கரங்களாக மாறிய காலம் அது.

அக்கால மகிழுந்தின் அடிச்சட்டத்தில் வில்தட்டுகள், தடுப்புக் கம்பிகள், திருப்புக் கருவி ஆகியவற்றின் மூட்டுகள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மசகிட வேண்டும். ஓட்டுநர் சேற்றிலும் புழுதியிலும் குனிந்து, படுத்து அவ்வேலையைச் செய்வார். ஒரு மூட்டு விடுபட்டாலும் அது தேய்ந்துவிடும்.

1929ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபேண்டம் II’ மகிழுந்தில் இந்தத் தொல்லை நீங்கியது. ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே ஒரு மிதியைக் காலால் அழுத்துவார். பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய், மெல்லிய குழாய்களின் வழியே ஒவ்வொரு மூட்டையும் சென்றடையும். கேட்க எளிதாகத் தோன்றினாலும் இதில் சிக்கல்கள் இருந்தன. எண்ணெய் எளிதான வழியிலேயே பாயும் இயல்புடையது. அருகிலுள்ள மூட்டு நனைந்து வழிய, தொலைவிலுள்ள மூட்டு காய்ந்து கிடக்கும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு குழாயின் முனையிலும் மிகக் குறுகிய துளையுடைய அடைப்பான் பொருத்தப்பட்டது. அது ஒவ்வொரு மூட்டுக்கும் உரிய அளவை மட்டுமே விட்டது. அத்துளையைத் தூசு அடைக்காதிருக்க வடிகட்டியும் வைக்கப்பட்டது.

இம்முறையை முதலில் உருவாக்கியவர் அமெரிக்கரான ஜோசப் பைஜர். பிறர் கண்டுபிடித்தது என்பதற்காக ராய்ஸின் நிறுவனம் அதை ஒதுக்கவில்லை. நல்லது எங்கிருந்தாலும் ஏற்று, அதனை மேலும் செம்மைப்படுத்துவதே ராய்ஸ் வகுத்த வழி. நிறுவனத்தின் மகிழுந்துகள் பிரான்சு நாட்டுச் சாலைகளில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிச் சோதிக்கப்பட்டன. தேய்ந்த பாகங்கள் ஆராயப்பட்டன. வரைபடங்கள் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன.

இத்தனைக்கும் ராய்ஸ் அப்போது நோயாளி. வேலையில் மூழ்கி நேரத்திற்கு உண்ணாமலும் உறங்காமலும் உழைத்ததால், 1911ஆம் ஆண்டிலேயே அவர் உடல்நலம் சீர்குலைந்தது. ஒரு சிறு மூட்டும் எண்ணெயின்றிக் காயக்கூடாது எனக் கவலைப்பட்டவர், தம் உடலைப் பேணத் தவறினார். அதன்பின், டெர்பி நகரிலிருந்த தொழிற்சாலையை விட்டு விலகியே வாழ நேர்ந்தது. கோடையில் இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூரிலும் குளிர்காலத்தில் தென்பிரான்சிலும் தங்கினார். வரைவாளர்களை அருகில் அமர்த்திக்கொண்டு, கடிதங்கள் வழியாகவே தொழிற்சாலையை வழிநடத்தினார்.

1930ஆம் ஆண்டு அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. எனினும், அவர் தம்மை ஒரு சாதாரண இயந்திரத் தொழிலாளி என்றே கூறிக்கொண்டார். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் அவர் காலமானார். இறுதி நாள்களிலும் படுக்கையில் இருந்தபடியே மகிழுந்தின் அதிர்வைக் குறைக்கும் கருவி ஒன்றை வரைந்தார் என்பர்.

பயணிகளின் கண்ணில் படாத மூட்டுகளுக்கும் உரிய எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என எண்ணியவர் ராய்ஸ். பிறர் பார்க்காத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்வதே உண்மையான திறமை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. அத்திறமை நிலைக்க உடல்நலமும் வேண்டும் என்பதையும் அதே வாழ்வு நினைவூட்டுகிறது.