இரண்டு புனிதவதிகள்

ஆனி பௌர்ணமி அன்னிக்குக் காரைக்கால் வீதியில நின்னிருக்கீங்களா? பிச்சாண்டவர் வர்றப்போ மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பாங்க; கீழே ஊரே கை நீட்டி நிக்கும், ஹாஸ்டல் பசங்க உட்பட. அந்த மாம்பழக் கதைக்குச் சொந்தக்காரர் புனிதவதி. உலகம் அறிஞ்ச பேர் காரைக்கால் அம்மையார். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க; வரலாற்றை விரிவாப் பாடினவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார்.

அப்பா தனதத்தன், வணிகர். மாப்பிள்ளை நாகப்பட்டினத்து நிதிபதியோட மகன் பரமதத்தன். ஒரே மகளைப் பிரிய மனசில்லாம, அப்பா காரைக்கால்லயே தனி வீடு வச்சுக் கொடுத்தார். ஒருநாள் பரமதத்தன் கடையிலிருந்து ரெண்டு மாம்பழம் அனுப்பினார். பசியோட ஒரு சிவனடியார் வந்தார். கறி இன்னும் ஆகல. சோத்தோட ஒரு பழத்தைப் படைச்சிட்டாங்க. மதியம் வந்த கணவர் மிச்சப் பழத்தைச் சாப்பிட்டு, இன்னொண்ணையும் கேட்டார். உள்ளே போய் வேண்டினாங்க, பழம் கையில வந்தது. ருசி வேற மாதிரி இருக்கே, ஏதுன்னு கேட்டார். உண்மையைச் சொன்னாங்க. நம்பாம, மறுபடி ஒண்ணு வரவழைக்கச் சொன்னார். வந்தது, அவர் கைக்கு மாறினதும் மறைஞ்சது. மிரண்ட மனுஷன் வியாபாரம்னு சொல்லிக் கப்பலேறினார். திரும்பி வீட்டுக்கு வரவே இல்ல.

பாண்டிநாட்டுப் பட்டினம் ஒண்ணுல இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டார். பெண் குழந்தை பிறந்தது. அதுக்கு வச்ச பேரும் புனிதவதி.

இங்க கொஞ்சம் நில்லுங்க. மெட்டாட்ரேடர்ல எம்க்யூஎல்4 எழுதுறவங்களுக்கு இது பழகின இடம். ஒரே பேர், ரெண்டு ஊர், ரெண்டு ஆள். நான் குளோபலா 'கவுன்ட்'னு ஒரு எண் வச்சிருந்தேன். ஆன்டிக் ஃபங்ஷனுக்குள்ள தூக்கக் கலக்கத்துல மறுபடி 'இன்ட் கவுன்ட் = 0'ன்னு அடிச்சிட்டேன். அது வேற வேரியபிள். உள்ளே அந்தப் பேரைச் சொன்னா உள்ளூர்க்காரிதான் திரும்பிப் பார்ப்பா. வெளியே இருக்கிறவளுக்கு எதுவும் தெரியாது. விலை அசையுற ஒவ்வொரு தடவையும் புதுசாப் பிறந்து, பூஜ்யத்துல ஆரம்பிச்சு, ஃபங்ஷன் முடிஞ்சதும் மறைஞ்சிடும். ஒரு ஆர்டர்னு நினைச்ச இடத்துல ஆர்டர் மேல ஆர்டர். நல்லவேளை, டெமோ கணக்கு. குளோபலை மறைக்குதுன்னு கம்பைலர் எச்சரிக்கை போட்டிருந்தது, நான்தான் படிக்கல. அந்த வரியையே எடுத்தாப் போதும். குளோபல் வேண்டாம்னா உள்ளேயே 'ஸ்டேடிக்'னு அறிவிங்க, அடுத்த டிக் வரைக்கும் மதிப்பு நிக்கும். ஆனா டெர்மினலை மூடினா அதுவும் போயிடும். அதனால தொடங்கும்போது திறந்திருக்கிற ஆர்டர்களை எண்ணிப் பார்த்துக்கிறது நல்லது.

சொந்தக்காரங்க விஷயம் கேள்விப்பட்டு அம்மையாரைப் பல்லக்குல கூட்டிட்டுப் போனாங்க. பரமதத்தன் மனைவி, குழந்தையோட வந்து கால்ல விழுந்தார். தெய்வமா நினைச்சுத்தான் குழந்தைக்கு அந்தப் பேரை வச்சேன்னு சொன்னார். யாருக்காக இந்த அழகுன்னு, அம்மையார் உடம்பின் சதையையெல்லாம் உதறிப் பேய் வடிவம் வேண்டி வாங்கிக்கிட்டாங்க. கயிலைக்குத் தலையால நடந்து, திருவாலங்காட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, மூத்த திருப்பதிகங்கள் ரெண்டு, இவ்வளவும் அவங்க பாடினது. பதிகத்துல தன்னைச் சொல்ற இடத்துல புனிதவதிங்கிற பேரே இல்ல. காரைக்கால் பேய்னுதான் இருக்கு.