மூதறிஞர் இராஜாஜி: வாக்கும் நியமனமும்

அதியமான்கோட்டையும் தொரப்பள்ளியும் பழைய சேலம் மாவட்டத்து ஊர்கள். ஓசூரையடுத்த அத்தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற அவர், 1917இல் அந்நகராட்சியின் தலைவரானார். 1937 தேர்தலில், பட்டதாரிகள் வாக்களிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில் வென்றார். 215 இடங்களுள் 159ஐக் காங்கிரசு கைப்பற்ற, மாகாணத்தின் முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைத் தாம் பிறந்த சேலம் மாவட்டத்திலேயே முதலில் நடைமுறைப்படுத்தினார்.

1952இல் நிலைமை மாறியிருந்தது. வயதுவந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்ற அத்தேர்தலில் 375 இடங்களுள் காங்கிரசு பெற்றவை 152 மட்டுமே. தேர்தலில் நில்லாத இராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமிக்க, அவர் மீண்டும் முதலமைச்சரானார். இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கியவரே எனினும், மக்கள் வாக்கின்றி ஆட்சியில் அமர்வது முறையோ என்னும் வினா அன்றே எழுந்தது. பேரவையில் நம்பிக்கை வாக்கு வென்ற பின்னரும் அஃது அடங்கவில்லை. 1953இல் கொணர்ந்த கல்வித்திட்டம் எதிர்ப்பைப் பெருக்கியது; 1954இல் பதவி விலகினார். 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

அறிவும் நேர்மையும் ஒருவரை ஆட்சிக்குத் தகுதியுடையவராக்கலாம். ஆளும் உரிமையை வழங்குவது மக்களின் இசைவே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.