கொடி காத்த குமரன்

முருகன் சிவனை வழிபட்ட தலமென்று போற்றப்பெறும் திருமுருகன்பூண்டி திருப்பூருக்கு அண்மையில் உள்ளது. அவ்வட்டாரத்திலே குமாரசாமி என்பது பெருவழக்கான பெயர். கலையறிஞர் ஆனந்த குமாரசாமியும், 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சராய் விளங்கிய பி. எஸ். குமாரசாமிராஜாவும் இப்பெயரினரே.

சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நாச்சிமுத்து, கருப்பாயி இணையர்க்குப் பிறந்த மகனுக்கும் இப்பெயரே வாய்த்தது. குடும்பத்தின் வறுமையால் அவர் இளமையிலேயே கைத்தறி நெசவில் ஈடுபட்டார். பின்பு திருப்பூரை அடைந்து பஞ்சாலையொன்றில் பணியாற்றினார். இராமாயி அவர்தம் வாழ்க்கைத் துணைவியார்.

1932 சனவரி 4-இல் காந்தியடிகள் சிறைப்பட்டார். நாடெங்கும் அடக்குமுறை தலைவிரித்தாடியது. 10-ஆம் நாள் பி. எஸ். சுந்தரம் தலைமையில் சிறு தொண்டர் குழுவொன்று திருப்பூர்த் தெருவிலே அணிவகுத்துச் சென்றது. குமாரசாமியின் கையில் தேசியக் கொடி இருந்தது. காவலர் தடிகொண்டு தாக்கினர். மண்டை பிளந்து, நினைவிழந்து வீழ்ந்தார். ஆயினும் கொடியைப் பற்றிய கை நெகிழவில்லை! மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழே.

பிறந்த ஊரைப் பெயரோடு சேர்த்து வழங்குதல் நம் மரபு. இவரையோ சென்னிமலைக் குமரன் என்பார் இலர். குருதி சிந்திய ஊரால் திருப்பூர்க் குமரன் என்றே வழங்குகின்றனர்.