வேலை இழந்தவர் திறந்த வாசல்

அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் இந்தியாவில் முதன்முதலாக 1926 அக்டோபர் 1-ம் தேதி அமைந்தது. அதைக் காணச் சுரேந்திரநாத் பானர்ஜி உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1925 ஆகஸ்டு 6-ம் தேதி அவர் காலமாகிவிட்டார். உத்தியோகத் தேர்வில் நியாயம் வேண்டுமென்று அரை நூற்றாண்டு போராடியவர் அவர்.

1848 நவம்பர் 10-ம் தேதி கல்கத்தாவில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். 1868-ல் ரமேஷ் சந்திர தத்தர், பிகாரிலால் குப்தா ஆகியோருடன் கப்பலேறி லண்டன் சென்றார். மறு ஆண்டே ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறினார். ஆனால் வயது அதிகமென்று பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. நடப்பு வயதைச் சொல்லும் நம் நாட்டு வழக்கத்தால் வந்த வினை அது. அவர் லண்டன் நீதிமன்றத்தை நாடினார். இழந்த இடம் திரும்பக் கிடைத்தது.

1871-ல் சில்ஹட்டில் உதவி மாஜிஸ்திரேட் ஆனார். ஒரு வழக்கின் எதிரியைத் தலைமறைவானவர் பட்டியலில் தவறாகச் சேர்த்த காகிதத்தில் கையெழுத்திட்டார் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. கண்டித்து விட்டிருக்கலாம், 1874-ல் வேலையே போயிற்று. லண்டன் சென்று முறையிட்டும் பலனில்லை. தண்டித்த அரசாங்கமே அப்பீலையும் கேட்டது; சுதந்திரமாக ஆராய்ந்து ஆலோசனை சொல்ல ஒரு கமிஷன் அப்போது இல்லை.

நாடு திரும்பியவரை ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் கல்லூரியில் ஆசிரியராக்கினார். 1876-ல் ஐ.சி.எஸ். வயது வரம்பை 21-லிருந்து 19 ஆகக் குறைக்க லண்டன் சர்க்கார் முடிவு செய்தது. அந்த வயதில் கடல் கடந்து சென்று எழுதித் தேறுவது இந்திய இளைஞர்களுக்கு ஏறக்குறைய முடியாத காரியம். சுரேந்திரநாத் 1877-லும் 1878-லும் வடஇந்தியா, பம்பாய், சென்னை என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று நாடெங்கும் ஒரே குரல் எழுந்தது.

1886-ல் சர் சார்லஸ் ஐச்சிசன் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்தது. வயதை 23 ஆக உயர்த்த அது சிபாரிசு செய்தது. இந்தியாவில் பரீட்சை வைக்க மட்டும் இசையவில்லை. அது நடந்தது 1922-ல்தான். அப்போது சுரேந்திரநாத் வங்காளத்தில் மந்திரி. வேலையைவிட்டு நீக்கிய அதே அரசாங்கத்தில் பதவி ஏற்றதைப் பழைய தொண்டர்கள் பலர் பொறுக்கவில்லை. 1923 தேர்தலில் டாக்டர் பி.சி. ராயிடம் தோற்றார்.

1924-ல் லீ கமிஷன் வற்புறுத்திய பின்னரே பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பிறந்தது. மாகாணங்களில் சென்னை முந்திக்கொண்டு 1929-ல் தனக்கென ஒன்றை அமைத்தது. ஊழியரைத் தண்டிக்குமுன் கமிஷனைக் கலந்தாலோசிக்கும் விதி 1935 சட்டத்தில் ஏறியது; பின்னர் அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றது. 1874-ல் சுரேந்திரநாத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.